இரண்டு இனிஷியல்

கேள்வி: அக்கா, உங்கள் பிள்ளைகள் இருவரும் எத்தியோப்பியாவில் பிறந்தவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாங்களும் தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறோம். குழந்தை வேறு மாநிலத்தில் இருந்தும் வரலாம். "பிறந்த ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நம்மோடு ஒட்டாது, மறக்கடித்துவிடுங்கள்" என்கிறார் மாமியார். நீங்கள் என்ன செய்தீர்கள்?
– வாசகி, கோவை

பதில்: என் மாமியாரும் இதையேதான் சொன்னார், தங்கச்சி. பிள்ளைகள் எங்களோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டார்கள். நான்தான் இடையில் போய் அந்த நாட்டோடு ஒட்டிக்கொண்டேன்.

சின்னவன் டொராண்டோவுக்கு வந்தபோது மூன்று வயது. முதல் ராத்திரி முழுக்க "வுஹா, வுஹா" என்று அழுதான். தூக்கி வைத்தேன், பால் கொடுத்தேன், பாட்டுக்கூடப் பாடினேன். எத்தியோப்பியாவில் பேசும் அம்ஹாரிக் மொழியில் வுஹா என்றால் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீருக்காகக் குழந்தை விடிய விடிய அழுதிருக்கிறான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மறுநாளே எழுத்து அட்டை வாங்கினேன். பார்த்தால், அட, நம் உயிர்மெய் வரிசை! ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம்: ல, லு, லி, லா, லே, ல், லோ. அப்புறம் அவர்கள் கடிகாரம். சூரியன் வந்ததும் பகல் கணக்குத் தொடங்கும், நம்முடைய காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நாழிகைக் கணக்குச் சொன்ன என் பாட்டி இருந்திருந்தால் சட்டென்று பிடித்திருப்பாள். வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாள்தான். புது வருடம் பெரும்பாலும் செப்டம்பர் 11. பள்ளி திறந்த களேபரத்தில் எங்கள் வீட்டில் அன்றைக்கு மஞ்சள் பூ வைப்போம்.

காபிதான் என்னை முழுசாகக் கவிழ்த்தது. பச்சைக் கொட்டையை வாணலியில் கண்ணெதிரே வறுத்து, அந்தப் புகையை விருந்தாளிகளிடம் கொண்டு போவார்கள். அவர்கள் கையால் அதைத் தங்கள் பக்கம் அள்ளிக்கொள்வதைப் பார்த்தால் நாம் தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரியே இருக்கும். பிறகு மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவதுக்குப் பெயர் பரக்கா, ஆசி என்று அர்த்தம்.

இதில் ஒரு தப்பும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளை உட்காரவைத்து இதையெல்லாம் நடத்தினேன். பன்னிரண்டு வயதில் மூத்தவள் சொல்லிவிட்டாள்: "அம்மா, உனக்குப் பிடிச்சா நீ குடி. எனக்குப் பாடம் எடுக்காதே." சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. அந்த ஆசை என்னுடையது, அதை அவள் தலையில் சுமத்தியிருக்கக் கூடாது. இப்போது தனியாகத்தான் வறுக்கிறேன். வாசனை மாடிக்குப் போனால் சில நாள் இறங்கி வருவாள், சில நாள் வரமாட்டாள்.

2018 ஜனவரியில் எத்தியோப்பியா வெளிநாட்டுத் தத்தை நிறுத்தியது. "வருத்தமா?" என்று கேட்டார்கள். இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. நான் கொண்டாடும் அந்த நாட்டை என் பிள்ளைகள் இழந்ததால்தானே அவர்கள் எனக்குக் கிடைத்தார்கள்? காபி குடிக்கும்போதெல்லாம் இந்த நெருடல் கூடவே இருக்கும்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். எந்த மாநிலத்துக் குழந்தை என்று தெரிந்த அன்றே அந்த மொழியில் தண்ணீர், பசி, வலி, தூக்கம் இந்த நாலு வார்த்தையையாவது கற்றுக்கொள்ளுங்கள். கூட வரும் காகிதம், துணி எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெயரை மாற்ற அவசரப்படவும் வேண்டாம்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் கிடையாது. நம்மைப் போலவே அப்பா பெயர்தான் கூட வரும், இனிஷியலாகச் சுருக்காமல் முழுசாக. போன வருடம் மூத்தவள் தமிழில் கையெழுத்துப் போடப் பழகினாள். "எந்த அப்பாவோட இனிஷியல் போடறது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளே பெற்றவருக்கு ஒன்று, வளர்த்தவருக்கு ஒன்று என்று இரண்டையும் போட்டாள். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இனிஷியல் ரெண்டும் இருக்கட்டும். பேர்ல ஒரு கொம்பு விட்டுப்போச்சு பாரு" என்றார்.