பராமரித்தது யார்?

கேள்வி: சின்ன வயதிலிருந்தே நான் கார்ப் பைத்தியம். நன்றாகப் பராமரிக்கப்பட்ட, இரண்டே கதவுள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கூபே ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 12 வயது, ஒரே உரிமையாளர், ஓடியது 31,000 கிலோமீட்டர்தான். பெரும்பாலும் உறை போட்டே வைத்திருந்தாராம். வாங்கலாமா? சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும் என்கிறார்களே?

பதில்: "பராமரிக்கப்பட்ட" என்கிறீர்கள். யாரால்?

இந்தப் 'பட்ட', 'பட்டது' கோஷ்டியோடு எனக்குப் பல வருடப் பகை. எங்களிடம் மெய்ப்புப் பார்த்த நண்பர் ஒருவர், நான் "குழு முடிவெடுத்தது" என்று எழுதினால் "முடிவு எடுக்கப்பட்டது" என்று திருத்துவார். கம்பீரமாக இருக்கிறதாம். நான் அடிப்பேன், அவர் மறுபடி போடுவார். கடைசியில் ஓய்வு பெறும்போது, தன் பிரிவுபசாரச் செய்தியைத் தானே மெய்ப்புப் பார்த்து, "வெகுவாகப் பாராட்டப்பட்டார்" என்று அச்சேற்றிவிட்டுப் போனார். பாராட்டியது யார் என்று நானும் விசாரித்துக்கொண்டே இருக்கிறேன்.

'பட்டது' வந்தால் செய்த ஆள் மறைந்துவிடுவார். பழைய கார் விற்பவருக்கு இதைவிட வசதியான இலக்கணம் கிடையாது. 'ஆயில் மாற்றப்பட்டது', 'பெல்ட் பார்க்கப்பட்டது'. உங்கள் கூபேயும் சளைத்ததல்ல. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கே 'வெட்டப்பட்டது' என்றுதான் பொருள். எதிரெதிர் இருக்கைகள் கொண்ட குதிரை வண்டியில் ஒன்றை வெட்டிக் குறுக்கியதால் வந்த பெயர். எதிரி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறான் பாருங்கள்!

சரி, கணக்குக்கு வருவோம். 12 வருடத்தில் 31,000 என்றால் நாளுக்கு 7 கிலோமீட்டர். ஞாயிறுதோறும் 50 கிலோமீட்டர் சீராக ஓட்டினாலும் இதே கணக்கு வரும், தினமும் தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் இதே கணக்குதான். முதல் வண்டியை நம்பலாம். இரண்டாவதில் ஆயில் சூடேறுவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அடியில் பாருங்கள், வெளிர் பழுப்பில் குழைந்த பிசுக்கு ஒட்டியிருந்தால் உரிமையாளரின் தினசரிப் பாதை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

போவதற்கு முன் போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் முதல் வேலையாக பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். வெயிலில் நிற்காத வண்டி வெதுவெதுப்பாக இருந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ அதை எழுப்பி முகம் கழுவி விட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும். முதல் சில நொடிகள் வரும் நீலப்புகை, சங்கிலிச் சத்தம், இரண்டாவது கியர் விழும்போது கேட்கும் கரகரப்பு எல்லாம் சூடானபின் அடங்கிவிடலாம்.

அப்புறம் கதவு. கூபேயின் கதவு நீளம், எடையும் அதிகம். பாதி திறந்து நுனியைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் ஆடும். பெடல் ரப்பரும் ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரமும் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தால், 31,000 என்று மீட்டர் சொல்வதை நான் நம்பமாட்டேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம் செய்தது. டயர் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும். பிரேக் திரவம் நின்ற இடத்திலேயே ஈரம் இழுக்கும். டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை) உள்ள இன்ஜினென்றால் அதற்கு கிலோமீட்டர் கெடுவோடு வருடக் கெடுவும் உண்டு.

உறை போட்டே வைத்த பொருளைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. ஒரு முறை பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறி வாங்கினேன். விற்றவர் முப்பது வருடம் துணி போர்த்தி வைத்திருந்தாராம். பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து தாளைச் செருகினால் ரப்பர் உருளை கல்லாகியிருக்கிறது. 'ப' அடித்தால் எழுந்த கம்பி திரும்பி விழவில்லை. பழுது பார்க்கும்வரை ஒரு வாரம் 'ப' இல்லாமலே எழுதினேன். அந்த வாரம் என் கட்டுரையில் ஒரு 'பட்டது' கூடக் கிடையாது. என் வாழ்நாளின் சிறந்த நடை அதுதான் என்பது என் கட்சி. பாதி சொற்கள் காணோமே என்று மெய்ப்பு நண்பர் கேட்டது வேறு விஷயம்.

நல்ல விற்பனையாளர் எப்படி இருப்பார் என்பதற்கு, 1990-களின் இறுதியில் வந்த போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரின் 996 வகையைப் பாருங்கள். அதன் இன்ஜினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும். அதை விற்கும் ரசிகர் நல்லவராக இருந்தால், கேட்பதற்குள் ரசீதை எடுத்து நீட்டுவார்: இந்த மெக்கானிக், இந்தத் தேதி, இத்தனை கிலோமீட்டரில் மாற்றினார். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் இருக்கும். உங்கள் ஆளும் அப்படி ஒரு கோப்பை எடுத்து வைத்தால் வாங்குங்கள்.

சிவப்பு வெளுக்கத்தான் செய்யும். மொத்தமாக வெளுத்திருந்தால் கவலை இல்லை, அது வெயில் செய்த வேலை. இடதுபக்கக் கதவு மட்டும் புத்தம்புதுச் சிவப்பாக இருந்தால், "அது மாற்றப்பட்டது சார்" என்பார். அங்கேயே நின்று கேளுங்கள்: யார் மாற்றினார், எதன்மீது மோதினார்?