காலநிலை நிதி நம் கரைக்கு வருமா? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி ஊர்களிலிருந்து காலநிலை நிதி பற்றிக் கேட்டவர்களுக்கு எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம் மீனவர்: தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் புயல் என்று எல்லா அடியும் வாங்கிவிட்டோம். உலக நாடுகள் போடும் பணம் எங்களுக்கு ஏன் வரவில்லை?

அண்ணே, புயலுக்குப் பிறகு நீங்கள் வாங்கியது அரசின் பேரிடர் நிவாரணம். காலநிலை நிதி வேறு; பூமி சூடாவதைத் தடுக்கவும் அதன் பாதிப்பைச் சமாளிக்கவும் ஒதுக்கும் பணம் அது. அதைத் திட்டங்களுக்குக் கொடுக்கும், தென்கொரியாவில் இருக்கும் பசுமை காலநிலை நிதியத்திடம் ஒரு மீனவர் சங்கம் நேராகப் போய்க் கேட்க முடியாது. நபார்டு வங்கி போல அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் கேட்கலாம். இந்தியக் கடற்கரை மக்களுக்கென்று 2018ல் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆந்திரா, ஒடிசா, மகாராஷ்டிரா மூன்றுக்கும்தான், நமக்கு இல்லை.

கிள்ளை மகளிர் குழு: இங்குள்ள இருளர்கள் எந்தச் சேதக் கணக்கிலும் வருவதில்லையே?

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். பிச்சாவரம் பக்கம் கழிமுகத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறிக்கூடையில் போடுகிறார்கள். படகும் இல்லை, வலையும் இல்லை. அப்புறம் அதிகாரி எதைச் சேதம் என்று எழுதுவார்? வெள்ளத்தில் எத்தனை நாள் இறங்க முடியவில்லை, வழக்கமாக எத்தனை கிலோ கிடைக்கும் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்து வரும் ஜனவரி 26 கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள். நாளைக்கு ஒரு நிறுவனம் திட்டம் எழுத வந்தால், மக்கள் கையிலேயே கணக்கு இருக்கும்.

வீராம்பட்டினம் இளைஞர்: எங்களுக்குக் கிராம சபை?

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006ல் நடந்ததோடு சரி. இது பெரிய அநியாயம். இப்போதைக்கு மீனவர்களே நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதுங்கள். ஆனால் மீன் விற்கும் பெண்களையும் உட்காரவைத்து, அவர்கள் கையெழுத்தோடு.

பண்ருட்டி விவசாயி: காலநிலை நிதி என்று கடன் கொடுத்தால் வாங்கலாமா?

சொட்டுநீர் மாதிரி வருமானம் கூட்டுவதற்கு வாங்கலாம். தானேயில் சாய்ந்த முந்திரிக்குக் கடன் என்றால், கன்று காய்க்கும் முன்பே வட்டி ஏறிவிடும். புகையைக் கக்கியவர்கள் வேறு யாரோ, தவணை கட்டுவது நீங்களா? இழப்புக்கு மானியமாகத்தான் கேட்க வேண்டும். 2024ல் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று ஒத்துக்கொண்டார்கள். அதையும் முழுக்க மானியமாகத் தருவதாகச் சொல்லவில்லை.

சிதம்பரம் மாணவி: அந்தப் பணத்தில் வரும் திட்டமே ஊருக்குக் கெடுதல் செய்தால்?

பசுமை காலநிலை நிதியத்தின் பணம் என்றால், அங்கே தனிக் குறைதீர்ப்பு அமைப்பு உண்டு. தமிழிலேயே எழுதலாம்மா.