கேளுங்க, சொல்றேன்: ஆம்புலன்ஸுக்குள்ளே என்ன இருக்கு?

(கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்து வாசகர்களின் கேள்விகள். பதில் சொல்பவர் இந்த எல்லைப் பகுதியில் 11 வருடம் ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர்.)

அண்ணா, அப்பாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய். போன மாதம் மூச்சுத்திணறல் அதிகமாகி கோட்டயத்துக்குத் தனியார் ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். ஏறும்போது கேட்டதற்கு டிரைவர் "ஃபுல்லாணு" என்றார். முண்டக்கயம் தாண்டும்போதே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. அப்பா பிழைத்துவிட்டார். ஆனால் அந்த அரைமணி நேரத்தை மறக்க முடியவில்லை. சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, வண்டிப்பெரியாறு

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் தங்கச்சி. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதே பெரிய நிம்மதி.

நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை, ஆனால் "ஃபுல்லா?" என்று கேட்டால் "ஃபுல்" என்றுதான் பதில் வரும். அதனால் அடுத்த முறை மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். வண்டிக்குள் இரண்டு மீட்டர் இருக்கும். கடிகாரம் மாதிரி வட்டமாக, முள்ளோடு இருப்பது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று காட்டும். கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு மிதப்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பதற்கு. இதில் ஒரு விஷயம், சிலிண்டரை மூடிய பிறகும் பழைய அழுத்தம் ரெகுலேட்டரில் தங்கி முள் மேலேயே நிற்கலாம். ஆகவே வால்வைத் திறந்து, ஆக்சிஜன் ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

கணக்கு சுலபம்தான். பி டைப் சிலிண்டர், அதாவது ஒரு ஆள் தூக்கக்கூடிய நடுத்தர அளவு, முழுசாக இருந்தால் ஏறக்குறைய 1500 லிட்டர் ஆக்சிஜன் தரும். மாஸ்க் போட்டு நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். முள் பாதியில் நின்றால் ஒன்றேகால் மணி நேரம். வண்டிப்பெரியாறிலிருந்து பீருமேடு, குட்டிக்கானம், முண்டக்கயம் எல்லாம் இறங்கி கோட்டயம் சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும், மழையும் மூடுபனியும் இருந்தால் சொல்லவே வேண்டாம். பாதி சிலிண்டரோடு அந்த மலை இறங்கவே கூடாது. ஜம்போ என்று சொல்லும் டி டைப்பில் 7000 லிட்டர் வரை இருக்கும், அது வண்டியிலேயே பொருத்தியிருந்தால் கவலையில்லை. எதுவாக இருந்தாலும் போகிற நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு கையில் இருக்க வேண்டும். நான் வேலை பார்த்தபோது ஷிப்ட் ஏறியதும் முதல் வேலையாக முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதிவிடுவேன், அப்புறம்தான் டீ.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு இருக்கும் நோய்க்கு அதிக ஆக்சிஜன் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நோயாளிகளுக்குப் பொதுவாக விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும் என்பார்கள், 100 வரவேண்டும் என்று திருகிக்கொண்டே போனால் சிலருக்கு உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கமாகிவிடும். மூக்கில் வைக்கும் டியூபில் 2 லிட்டர் போதும் என்று டாக்டர் சொன்னால் அதே பி டைப் சிலிண்டர் 12 மணி நேரத்துக்கு மேல் வரும். எவ்வளவு லிட்டர், எத்தனை சதவீதம் என்று டாக்டரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, அப்பாவின் மருந்துப் பையிலேயே வைத்துவிடுங்கள். குளிரில் விரல் விறைத்துப்போனால் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும், உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

சார், என் மச்சானுக்கு மாரடைப்பு வந்தபோது வண்டியில் ஷாக் கொடுக்கும் மெஷின் இருந்தும் கொடுக்கவில்லை. நெஞ்சில் அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா?
- வாசகர், கம்பம்

மச்சானை இழந்த உங்களுக்கு என் ஆறுதல். நேராகவே சொல்கிறேன், அந்த மெஷின் நின்ற இதயத்தை ஓட்டுவதற்கு இல்லை. இதயம் தாறுமாறாகத் துடித்து, புழு நெளிவது போல நடுங்கிக்கொண்டு ரத்தத்தைத் தள்ளாமல் இருக்கும்போது, ஒரே அடியில் அதை அமைதிப்படுத்தி ஒழுங்காகத் துடிக்கவிடத்தான் ஷாக். திரையில் நேர்கோடு வந்துவிட்டால் ஷாக் கொடுத்துப் பயனில்லை. ஏ.இ.டி. என்ற தானியங்கி மெஷின் நெஞ்சில் ஒட்டும் பட்டைகள் வழியாக இதைத் தானே கண்டுபிடித்து, தேவையில்லை என்றால் கொடுக்கவே விடாது. அப்போது செய்ய வேண்டியது அவர்கள் செய்ததுதான்: நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அமுக்குவது. அவர்கள் உங்கள் மச்சானைக் கைவிடவில்லை என்பதை மட்டும் நம்புங்கள்.

ஷாக் தேவைப்படும் நிலையில் ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7-லிருந்து 10 சதவீதம் வரை குறைக்கிறது. வண்டி வரும்வரை வீட்டில் இருப்பவர் அமுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்வது இதனால்தான்.

ஆம்புலன்ஸில் ஏ.எல்.எஸ்., பி.எல்.எஸ். என்று எழுதியிருக்கிறதே, என்ன வித்தியாசம்?
- வாசகர், குமுளி

பி.எல்.எஸ். அடிப்படை வண்டி: ஆக்சிஜன், சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷின், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக், கழுத்துப் பட்டை, எலும்பு முறிவுக்கான கட்டைகள், ஸ்ட்ரெச்சர். ஏ.எல்.எஸ். வண்டியில் இவற்றோடு வென்டிலேட்டர், மானிட்டர், ஷாக் மெஷின், மருந்தை அளந்து ஏற்றும் பம்ப் எல்லாம் சேரும். ஐ.சி.யூ.விலிருந்து ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவதென்றால் ஏ.எல்.எஸ். என்று கேட்டு வாங்குங்கள். வென்டிலேட்டர் இருந்தால் மட்டும் போதாது, அதை ஓட்டத் தெரிந்தவர் கூட வருகிறாரா என்றும் கேளுங்கள்.

அண்ணே, தோட்டத்தில் பாம்பு கடித்தால் அந்த சக்‌ஷன் மெஷினால் விஷத்தை உறிஞ்ச முடியாதா?
- வாசகர், கூடலூர்

முடியாது தம்பி. அது வாயில் தேங்கும் எச்சில், வாந்தி, ரத்தத்தை எடுக்க மட்டும்தான். வாயாலும் உறிஞ்ச வேண்டாம், கீற வேண்டாம், கயிறு இறுக்க வேண்டாம், கடிபட்ட கையோ காலோ அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்புக்கடியில் என் கையில் இருந்த பெரிய ஆயுதம் ஆம்பு பேக். ரப்பர் பலூன் மாதிரி இருக்கும். டென்மார்க்கில் ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருந்து டாக்டரும் இன்னொருவரும் சேர்ந்து 1956-ல் கொண்டுவந்தது. கரண்டும் வேண்டாம் பேட்டரியும் வேண்டாம், அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் தானே உப்பிக்கொள்ளும். கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரிசாக இருக்காது, விஷம் நரம்பைப் பிடித்து மூச்சை நிறுத்திவிடும். ஒரு முறை தரையில் படுத்துத் தூங்கிய பையன் ஒருவனை விடியற்காலையில் ஏற்றினோம். கம்பத்தில் விஷமுறிவு மருந்து தொடங்கி, அங்கிருந்து தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போகும்போது இமை இரண்டும் மூடிவிட்டது, மூச்சு நின்றுவிட்டது. ஆறு வினாடிக்கு ஒரு அமுக்கு என்று வழி நெடுக அமுக்கிக்கொண்டே போனேன். அவன் கையை இன்னொரு கையில் பிடித்து, "கேக்குதாடா? கேட்டா விரலை அசை" என்றேன். சுண்டுவிரல் லேசாக என் உள்ளங்கையில் அசைந்தது. கண் திறக்க முடியாது, பேச முடியாது, ஆனால் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவர் பக்கத்தில் நின்றுகொண்டு "போயிட்டான்" என்று அழாதீர்கள்.

எங்கள் ஊரில் நின்று 108 அடித்தால் சில நேரம் மலையாளத்தில் பேசுகிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, லோயர் கேம்ப்

உங்கள் போன் அந்த நேரம் கேரளக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது, அதனால் அழைப்பு அந்தப் பக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருக்கும். துண்டிக்காதீர்கள். மாநிலம், மாவட்டம், ஊர் மூன்றையும் முதலில் சொல்லுங்கள்: "தமிழ்நாடு, தேனி மாவட்டம், லோயர் கேம்ப்". அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் இன்னொருவர் வேறு கம்பெனி சிம்மிலிருந்து அடித்துப் பார்க்கட்டும்.