வெல்டிங் கையுறையைத் தோட்ட வேலைக்கும் போடலாமா?

வெல்டிங்குக்கு வாங்கிய தோல் கையுறையையே ரோஜா, எலுமிச்சை கவாத்துக்கும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முள் குத்தாதுதான், ஆனால் தயவுசெய்து ஒரே ஜோடியை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காரணம் ஈரம். மண்ணிலும் தண்ணீரிலும் ஊறிய தோல் மின்சாரத்தைக் கடத்தும். அதே ஈரக் கையுறையோடு வெல்டிங் ராடு (மின்சாரம் பாய்ந்து உருகி ஒட்டும் கம்பி) மாற்றினால் ஷாக் அடிக்கலாம். போதாததற்கு, நனைந்து காய்ந்த தோல் விறைத்து வெடிக்கும்; அந்த வெடிப்பு வழியே பொறி உள்ளே இறங்கும்.

ராடு வெல்டிங்குக்கு மாட்டுத்தோலின் உள்ளடுக்கில் செய்த, சொரசொரப்பான, மணிக்கட்டைத் தாண்டி நீளும் கையுறைதான் சரி. கடையிலேயே கட்டைவிரல் இடுக்கை விரித்துத் தையலைப் பாருங்கள். கெவ்லார் என்ற வெப்பம் தாங்கும் செயற்கை நூல் பொறியைத் தாங்கும், நைலான் உருகிவிடும். தையல் விட்டால் தோல் எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை. ஐரோப்பியத் தரமான ஈ.என். 12477 அச்சிட்டிருந்தால், 'ஏ' வகை கனமான வேலைக்கு. 'பி' வகை விரல் லாவகம் தேவைப்படும் டிக் வெல்டிங்குக்கு (டங்ஸ்டன் முனையும் வாயுவும் கொண்டு செய்யும் நுணுக்கமான வெல்டிங்).

தோட்டத்துக்கு ஆட்டுத்தோல் போதும். மெல்லியது, கத்தரியின் பிடி விரலுக்குத் தெரியும். நீளக் கை வைத்ததாக எடுங்கள், ரோஜாப் புதருக்குள் கையை விட்டால் முள் கிழிப்பது முன்கையைத்தான். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் அட்டை மாதிரி ஆகிவிடும்.