ஏஸ் பெரிதா, சின்னதா? பண்பாட்டைச் சொல்லித்தர விளையாட்டு: கேள்வி பதில்

கே: முதலாண்டு மாணவர்கள் 24 பேர். இடத்துக்கு இடம் பழக்கம் மாறும் என்பதைப் பிரசங்கம் இல்லாமல் உணரவைக்க என்ன விளையாட்டு?

ப: 'பார்ங்கா' என்ற சீட்டாட்டம். பயிற்சி விளையாட்டு வடிவமைப்பாளர் சிவசைலம் தியாகராஜன் 1980-ல் உருவாக்கியது. பெயர் லைபீரிய நகரம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. மேசைக்கு 4 பேர், 6 மேசை. ஒவ்வொரு மேசைக்கும் நாலு வகையிலும் ஏஸ், 2 முதல் 7 வரை, மொத்தம் 28 சீட்டு. சூட்சுமம் விதித்தாளில். ஒரு மேசையில் ஏஸ் பெரிது, அடுத்ததில் சின்னது. ஒன்றில் துருப்பே (மற்ற வகைகளை வெட்டும் வகை) இல்லை, இன்னொன்றில் டைமன் துருப்பு. எல்லாத் தாளும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் நம்ப வேண்டும். கொஞ்சம் பழகியதும் தாளை வாங்கிவிடுங்கள். அதன்பிறகு பேச்சு, எழுத்து கிடையாது, சைகை மட்டும். ஜெயித்தவர் மேல் மேசைக்கு, தோற்றவர் கீழ் மேசைக்கு. புதிதாக வந்தவர் ஏஸைப் போட்டுச் சீட்டை அள்ளப் போவார், எதிரே இருப்பவரும் அதே சீட்டுக்குக் கை நீட்டுவார்.

கே: நடத்தினோம். சிரித்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள்.

ப: விதி வேறுவேறு என்பதை முதலில் உடைத்திருப்பீர்கள். அதற்கு முன்பே, "புதிதாக வந்தவரைப் பற்றி அந்த நேரம் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டு, 'ஏமாற்றுகிறான்', 'ஆடத் தெரியவில்லை' எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். பிறகு தாள்களைக் காட்டுங்கள். ஆடிய அளவு நேரமாவது பேச ஒதுக்குங்கள்.

கே: சீட்டு என்றாலே பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள்.

ப: நாலு நிற அட்டையில் 1 முதல் 7 வரை எழுதி வெட்டுங்கள். 1 தான் ஏஸ்.

கே: ஜப்பானுக்குப் போகும் ஊழியர்களுக்காக ஆடுபவர் தேர்வுக்கேற்பக் கிளைபிரியும் கதைகளைச் செய்ய உதவும் ட்வைன் மென்பொருளில் ஒரு ஜப்பானிய மேலாளர் பாத்திரம் செய்கிறோம். விசிட்டிங் கார்டைப் பின்பாக்கெட்டில் செருகினால் 'தவறு' என்று சிவப்பில் காட்டலாமா?

ப: வேண்டாம், அது வினாத்தாள் ஆகிவிடும். 'நம்பிக்கை' என்று ஒரு மாறி (ஏறி இறங்கும் எண்) வையுங்கள், தொடக்கம் 5. கார்டை இரு கையால் வாங்கிப் படித்து, மேசையில் வைத்தால் 1 கூட்டுங்கள். செருகினால் 2 கழியுங்கள். மேலாளர் முகம் மாறக் கூடாது. மூன்று காட்சி தள்ளி, 4-க்குக் கீழே இருந்தால் "யோசித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லட்டும். அது பெரும்பாலும் மறுப்புதான் என்பதை ஆடுபவர் கண்டுபிடிக்கட்டும். ஒரே பாத்திரம் போதாது. அலட்டிக்கொள்ளாத இளைய ஊழியர் ஒருவரையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஜப்பானியர் எல்லாரும் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

கே: கடையில் வாங்கும் வீடியோ கேம்களில் எதை நம்பலாம்?

ப: அந்த மக்களே சேர்ந்து செய்ததை. 2014-ல் வந்த 'நெவர் அலோன்' அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்களோடு சேர்ந்து செய்தது. கதையை இனுபியாக் மொழியில் சொல்கிறார்கள். ஆட ஆட, அவர்களே பேசும் சிறு வீடியோக்கள் திறக்கும். அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போகவிடாதீர்கள்.