பாக்டீரியாவுக்கு எப்படித் தெரியும்? – கடிதம்

வணக்கம் சார்,

பால் சர்க்கரை கிடைத்ததும்தான் ஈ.கோலி பாக்டீரியா அதைச் செரிக்கும் நொதியைத் தயாரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மூளையே இல்லாத ஒற்றைச் செல்லுக்குச் சர்க்கரை வந்தது எப்படித் தெரியும்? "டி.என்.ஏ.வில் ஒட்டும் ஒரு புரதம்தான் காரணம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் புரதத்துக்கும் ஒரு மரபணு இருக்குமே, அதை எது அடக்குகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் முடித்தது என் தப்புதான். உங்கள் கடைசிக் கேள்விதான் நல்ல கேள்வி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த மரபணுவின் பெயர் லாக்-ஐ. அதைப் பெரிதாக எதுவும் அடக்குவதில்லை. சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மகா மந்தமாக. ஒரு செல்லுக்குள் அது செய்துவைக்கும் ரெப்ரஸர் (அடக்கி), அதாவது நான் சொன்ன அந்த ஒட்டும் புரதம், மொத்தமே பத்து மூலக்கூறு அளவில்தான்.

இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் அதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் பாடுபட்டார்கள். 1961இல் ஜாகப், மோனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவரும் இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று தர்க்கத்தால் சொல்லிவிட்டார்கள் (அது புரதமா ஆர்.என்.ஏ.வா என்பதில் ஆர்.என்.ஏ. பக்கம் சாய்ந்தார்கள், பாவம்). கையில் பிடித்தது 1966இல், ஹார்வர்டில் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும். செல்லை உடைத்தெடுத்த சாற்றை ஒரு சவ்வுப் பையில் கட்டி, கதிரியக்கம் ஏற்றிய போலிச் சர்க்கரைக் கரைசலில் போட்டார்கள். பைக்கு வெளியே இருந்ததைவிட உள்ளே சர்க்கரை கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல்தான் ரெப்ரஸர் பிடித்துவைத்திருந்தது.

சரி, "தெரிவது" எப்படி? ஈ.கோலியின் டி.என்.ஏ.வில் கிட்டத்தட்ட 46 லட்சம் எழுத்துகள். இந்தப் புரதம் அதில் அங்கங்கே ஒட்டி, வழுக்கி, விட்டுத் தாவி, நொதி மரபணுக்களுக்கு முன்னால் இருக்கும் ஒரு சின்னத் துண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்திருக்கும்வரை படியெடுப்பு (நொதி செய்வதற்காக மரபணுவை ஆர்.என்.ஏ.வாக நகலெடுப்பது) நடக்காது. பால் சர்க்கரை உள்ளே வந்தால் கொஞ்சம் உருமாறி அல்லோலாக்டோஸ் ஆகி, இந்தப் புரதத்தின் இடுக்கில் நுழையும். உடனே புரதத்தின் வடிவம் சற்றுத் திரும்பி டி.என்.ஏ. மேல் பிடி தளர்ந்துவிடும். அவ்வளவுதான், இதில் மூளைக்கு வேலையே இல்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சர்க்கரையை உள்ளே இழுக்க ஒரு புரதம் வேண்டும், அதை அல்லோலாக்டோஸாக மாற்ற அந்தச் செரிக்கும் நொதியே வேண்டும், இரண்டும் பூட்டிவைத்த மரபணுக்களில்தான் இருக்கின்றன. பிறகு முதல் சர்க்கரை எப்படி உள்ளே வரும்? ரெப்ரஸர் அவ்வப்போது தானாகவே நழுவிவிடுகிறது, அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு நொதி தயாராகிவிடுகிறது. வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கிறது. இறுக்கி மூடியிருந்தால் பாலிலேயே மிதந்தாலும் பட்டினிதான்.

அப்புறம், டி.என்.ஏ.வில் ஒட்டும் புரதம் எல்லாமே இப்படி இடம் பார்த்து உட்காராது. எச்.யு. என்று ஒன்று, ஆயிரக்கணக்கில் இருக்கும், பெரும்பாலும் எழுத்தைப் பார்க்காமலே ஒட்டி, டி.என்.ஏ.வை வளைத்துச் சுருட்டிவைக்க உதவும். குளுக்கோஸும் சேர்ந்து இருந்தால் ஈ.கோலி ஏன் பால் சர்க்கரையைக் கண்டுகொள்வதில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். அதில் சி.ஆர்.பி. என்ற இன்னொரு புரதமும் வருகிறது, கடிதம் போடுங்கள், எழுதுகிறேன்.