திருகோணமலைக் கொலைகளை லண்டனில் இருந்து எழுதலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். ஏ.எல். முடித்துவிட்டு நகரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் நாவலின் தமிழ் வடிவத்தை நூலகத்தில் எடுத்து வாசித்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனால் முடித்த பிறகு கோபம் வந்தது. உங்கள் இன்ஸ்பெக்டர் கடைசி அத்தியாயத்தில் கொலையாளியைப் பிடித்துவிடுகிறார். எங்கள் ஊரில் யாருக்கு அப்படி நடந்தது? 2006 இல் கடற்கரையில் கொல்லப்பட்ட மாணவர்களுடைய வீட்டாரின் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. லண்டனில் இருந்துகொண்டு, இங்கே கிடைக்காத நீதியைக் கதையில் கொடுப்பது சரியா?

இன்னொன்று. எனக்கும் துப்பறியும் நாவல் எழுத ஆசை. எழுத்தாளரின் நாள் எப்படிப் போகும்? அதை வைத்துச் சீவிக்க முடியுமா? ஊரை விட்டுப் போனால்தான் எழுதலாமா?

– ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

கோபத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். தொழிலைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

2006 ஜனவரி 2 அன்று நம்முடைய கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லையென்று சந்தேகநபர்கள் 13 பேரையும் விடுவித்தது.

இந்த வழக்கை நான் ஒருநாளும் கதையாக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் உண்டு, தாய் தகப்பன் உண்டு, நீதிமன்றத்தில் கோப்பு உண்டு. அதற்கு நான் ஒரு முடிவு எழுதினால், வாசகர் புத்தகத்தை மூடும்போது அந்தக் கோப்பும் மனதில் மூடிவிடும். அது நடக்கக் கூடாது. பெயரை மாற்றி, வருடத்தை மாற்றி, "இது முழுக்கக் கற்பனை" என்று முதல் பக்கத்தில் போட்டு எழுதுவதையும் நான் ஏற்கவில்லை. ஊருக்குத் தெரியாதா என்ன?

ஆனால் அந்த வழக்கு எனக்குச் சொல்லித் தந்தது நிறைய. யார் செய்தது என்பது நம் ஊரில் பல வேளைகளில் பெரிய மர்மம் இல்லை. பார்த்தது யார், பார்த்தவர் யாரிடம் சொன்னார், சொன்னதை யார் எந்த மொழியில் எழுதினார், எழுதிய தாள் எந்த மேசையில் நின்றுபோனது, சாட்சி ஏன் நாட்டை விட்டுப் போனார்? இலங்கையில் துப்பறியும் கதை எழுத வருபவர் தொடர்ந்து போக வேண்டிய தடயம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இன்ஸ்பெக்டர் பிடித்துவிடுகிறார் என்கிறீர்கள். உண்மை, பிடிக்கிறார். ஆனால் அந்த அத்தியாயத்தில் அந்த மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேசும் காட்சி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வேண்டுமென்றே விட்டேன். நம் நாட்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 இல் வந்தது. அதன் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் அந்த நபருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. படங்களில் வருவது போல விசாரணை அறையில் அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், நீதிமன்றத்தில் அதற்குப் பெறுமதி இல்லை. 27ஆம் பிரிவு ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. "கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்று அவர் சொல்லி, அங்கே கத்தி உண்மையாகவே கிடைத்தால், கிடைத்த பொருளோடு தொடர்புபட்ட அந்தப் பகுதி மட்டும் சான்றாகும். ஆகவே என் இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தைத் தேடி அலைவதில்லை, பொருளைத் தேடுகிறார்.

1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கதை வேறு. அதன் 16ஆம் பிரிவு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னதைச் சான்றாக ஏற்கிறது. ஒரே ஊர், ஒரே பொலிஸ் நிலையம், ஒரே மனிதர். எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள் என்பதில் அவருடைய வாழ்க்கை தலைகீழாகிறது. இந்த வேறுபாட்டைத் தெரியாமல் நம் மண்ணில் ஒரு கைதுக் காட்சியையும் எழுதக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மொழியும் அப்படியே. வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். ஆனால் பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்ன முறைப்பாடு எத்தனையோ இடங்களில் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த மனிதர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சொன்னதற்கும் எழுதியதற்கும் நடுவில் ஒரு வசனம் விலகினால், இரண்டு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் அதே மனிதர் பொய்யர் ஆகிறார். என் நாவலில் வழக்கு ஆட்டம் காண்பது அந்த இடத்தில்தான். பிடிப்பதோடு கதை முடிகிறது, வழக்கு முடியவில்லை. வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும் கோப்பு திரும்பி வருமா என்று நான் எழுதவில்லை, ஏனென்றால் அந்த உறுதிமொழியைத் தர எனக்கு உரிமை இல்லை.

இனி, லண்டனில் இருந்துகொண்டு எழுதுவது.

தூரம் ஒரு குறை, அதை மூடிமறைக்க வேண்டும் என்று புலம்பெயர்ந்து எழுதுகிற பலர் நினைக்கிறார்கள். கூகிள் வரைபடத்தில் தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு கடையின் பெயரையும் பக்கத்தில் நிரப்புகிறார்கள். தூரத்தையே கதைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. அங்கே வசிப்பவருக்குத் தெரியாத, இங்கே வசிப்பவருக்கு மட்டும் முழுதாகத் தெரிகிற குற்றங்கள் இருக்கின்றன.

காணியை எடுத்துக்கொள்ளுங்கள். உவர்மலையில் பூட்டிய வீடு, சொந்தக்காரர் லண்டனில். அவர் லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் கையெழுத்து வைத்து, ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்படும் அதிகாரத்தைக் கொடுக்கும் பத்திரம், அனுப்புகிறார். வீட்டைப் பார்க்க, வாடகை வாங்க, தேவைப்பட்டால் விற்க. கொடுத்தவர் இறந்த நிமிடம் அந்தத் தத்துவம் செத்துவிடும். ஆனால் அவர் இறந்தது லண்டன் ஆஸ்பத்திரியில். மரணச் சான்றிதழும் லண்டனிலேயே. திருகோணமலைக் காணிப் பதிவகத்துக்கு அதை யார் சொல்வது? ஆறு மாதம் கழித்து, உயிரோடு இல்லாத மனிதரின் பெயரில் நொத்தாரிசு முன்னிலையில் காணி விற்பனை உறுதி முடிகிறது. இரண்டு தாளையும் ஒருசேரப் பார்க்கிற ஒரே ஆள், மரணச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கும் மகள். அவளுக்கு ஏதாவது நடந்தால்?

என் கதையின் வித்து அதுதான். பாதி விஷயம் இங்கே, பாதி அங்கே. 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி பத்து வருடம் இடைவிடாமல், சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் ஒரு காணியை ஆண்டவர் உரிமை கேட்கலாம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016 இல் விசேட சட்டம் கொண்டுவர வேண்டியிருந்ததும் இதனால்தான். ஒன்பதாவது வருடத்தில் சொந்தக்காரர் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். கொலைக்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

கடலும் அப்படித்தான், ஆனால் அதில் நான் முழுக்க ஊர்க்காரர்களை நம்பியிருக்கிறேன். லண்டனில் தேம்ஸ் ஆறு வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஏழு மீற்றர் வரை ஏறி இறங்கும். இங்கே எழுதப்படும் கதைகளில் உடலைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அந்த நீர்தான். நம் கடலில் அந்த வேறுபாடு ஒரு மீற்றரும் இல்லை. அந்த உத்தியை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து உட்துறைமுகத்தில் வைத்தால் திருக்கடலூர்ச் சிறுவன்கூட நம்ப மாட்டான். நம்மிடம் காற்றுத்தான் கணக்கு. வாடை அடிக்கும் மாதங்களில் கரையில் என்ன ஒதுங்கும், கச்சான் வீசும் மாதங்களில் எது வெளியே இழுபடும் என்று கரைவலைக்காரருக்குத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் உடல் இரண்டு மூன்று நாளிலேயே மிதக்கும். குளிர்காலத் தேம்ஸில் வாரக்கணக்காகும். துறைமுக வாசலுக்குப் பக்கத்திலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்குத் தொடங்குவதால், கொட்டியாரக் குடாவில் போன பொருள் எங்கே போனது என்று சொல்வதும் கடினம். இவ்வளவையும் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன்.

என் நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். குளிர்காலத்தில் இங்கே காலை ஐந்தரை என்றால் உங்களுக்குப் பதினொன்று. நீதிமன்றத்தில் இருக்கும் ஒரு சட்டத்தரணி தேநீர் இடைவேளையில் பேசுவார். வைத்தியசாலையில் ஒருவர், காணிப் பதிவில் ஒருவர், மீன் வாடியில் ஒருவர். அந்த அழைப்புகள் முடிந்த பிறகுதான் இங்கே விடியும். வாரத்தில் பாதி நாள் நகரசபை நூலகத்தில் வேலை, மீதி நாள் எழுத்து. துப்பறியும் நாவலுக்கு வருடம் ஒரு புத்தகம் என்றுதான் பதிப்பாளர்கள் எதிர்பார்ப்பார்கள், எண்பதாயிரம் தொடக்கம் ஒரு லட்சம் சொல் வரை. முதல் வரைவு முடிந்தால் பாதி வேலை. பிறகு பதிப்பாசிரியரின் கேள்விகள் வரும். மரபணுப் பரிசோதனை ஏன் மறுநாளே வரவில்லை என்று ஒருமுறை கேட்டார்கள். பத்தரமுல்லையில் இருக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு மாதிரி போய், அறிக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். வேகத்துக்காக அந்தக் காத்திருப்பை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை. கொல்லப்பட்டவளின் தாய் தவணைக்குத் தவணை நீதிமன்ற வாசலில் நிற்பதுதான் அந்த நாவல்.

காசு. மூடிப் பேசாமல் சொல்கிறேன். பதிப்பாளர் தரும் முற்பணம் மொத்தமாக வராது. ஒப்பந்தத்தில் ஒரு பங்கு, கையெழுத்துப்படி கொடுத்தால் ஒரு பங்கு, வெளியீட்டில் ஒரு பங்கு. அதில் முகவருக்கு நூற்றுக்கு 15. மெல்லட்டைப் புத்தகத்தின் விலையில் எழுத்தாளருக்கு நூற்றுக்கு ஏழரை என்பது வழமை, அதுவும் முற்பணம் கழிந்த பிறகுதான். பிரித்தானியப் பொது நூலகங்களில் புத்தகம் இரவல் போகும் ஒவ்வொரு தடவைக்கும் அரசு சில பென்ஸ் தரும், ஒருவருக்கு வருடத்துக்கு 6,600 பவுணுக்கு மேல் இல்லை. எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் இடைநிலை வருமானம் வருடத்துக்கு 7,000 பவுண் என்று 2022 இல் வெளிவந்த கணக்கெடுப்பு சொன்னது. லண்டனில் அது வீட்டு வாடகைக்கே காணாது. ஆகவே கடைக் கணக்கு வேலையை விடாதீர்கள். எழுத்தை நேசித்துத்தான் சொல்கிறேன்: வாடகைப் பயத்தோடு எழுதுகிறவர் பதிப்பாளர் வெட்டச் சொன்னதையெல்லாம் வெட்டிவிடுவார்.

ஊரை விட்டுப் போனால்தான் எழுதலாமா? உங்களிடம் இருப்பது எனக்கு இல்லை. நீதிமன்ற அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்கிறது. விடுமுறை கிடைக்கும் ஒரு நாளில் நீதவான் நீதிமன்றத்தில் பின் வரிசையில் போய் இருங்கள். தொலைபேசியை அணைத்து வையுங்கள். விசாரணையில் தெரியவந்ததை நீதவானுக்குச் சொல்லும் 'பி' அறிக்கையைப் பொலிசார் சமர்ப்பிப்பதை, தவணை கொடுப்பதை, சிறைச்சாலை பஸ் வந்ததும் வெளியே நிற்கும் பெண்கள் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதைப் பாருங்கள். யாருடைய பெயரையும் எழுதாதீர்கள். முகத்தையும் கதைக்குள் எடுக்காதீர்கள். நடைமுறையை மட்டும் எடுங்கள், அது எல்லோருக்கும் பொதுவானது. பிறகு, நீங்களே கணக்கு எழுதுகிறவர்தானே. ஒரு கடையில் காசு எப்படிக் காணாமல் போகும் என்று உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அங்கிருந்து தொடங்குங்கள். முதல் மூன்று அத்தியாயம் முடிந்தால் அனுப்புங்கள், வாசித்துக் கருத்து எழுதுவேன்.

பதிலுக்கு எனக்கு ஓர் உதவி வேண்டும். அடுத்த நாவல் 2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய காலத்தில் நடக்கிறது. இரவில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் கடைசிப் பாதையும் (மிதவைப் படகும்) போன பிறகு கிண்ணியாவில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால், நகரத்து ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு வந்தார்கள்? பாதைக்காரரைப் போய் எழுப்பினார்களா, தனி வள்ளம் பிடித்தார்களா? சோதனைச் சாவடியில் என்ன கேட்டார்கள், யார் கதவைத் திறந்தார்கள்? அந்தப் பக்கத்தில் வயதான யாரையாவது தெரிந்திருந்தால் கேட்டு எழுதுங்கள். நான்காம் அத்தியாயம் அதில்தான் நிற்கிறது.

அன்புடன்,
அக்கா